மரவள்ளியிலிருந்து மட்கும் பிளாஸ்டிக்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. வேலி ஓரத்தில் மரவள்ளிச் செடி நிற்கிறது. அதற்கு அப்பால், சாக்கடையில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அந்தச் செடியின் கிழங்கைக் கொண்டு இந்தப் பைக்கு மாற்றுச் செய்ய முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம். ஆனால் சில நிபந்தனைகளோடுதான் முடியும் என்கிறது. அந்த நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளாமல் 'மட்கும் பை' என்று எழுதியதையெல்லாம் வாங்கினால், காசும் போகும், குப்பையும் குறையாது. ஆகவேதான் இந்தப் பேச்சு.

பிளாஸ்டிக் பையினால் வரும் தொல்லையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோற்று வாடைக்குப் பையோடு சேர்த்து விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கிவிடுகிறது. மழைநீர் தேங்கிய பையிலும் டப்பாவிலும் டிங்கிக் கொசு முட்டையிடுகிறது. குப்பையோடு போட்டுக் கொளுத்தினாலோ, அந்த நச்சுப் புகை லயத்துக்குள்ளேயே வந்து குழந்தைகளின் மூச்சில் கலக்கிறது. புதைத்தாலும் போகாது, எரித்தாலும் கேடு. அப்படியானால் இது ஏன் மட்குவதில்லை?

பிளாஸ்டிக் என்பது மிக நுண்ணிய, மிக நீளமான சங்கிலிகளின் கூட்டம். சாதாரணப் பை, பாலிதீன் என்னும் பொருளால் ஆனது. 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் வேறு ஒரு சோதனை செய்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது இது. கரியணுக்களை வரிசையாகக் கோத்த சங்கிலி அது. மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. விழுந்த இலையையும் செத்த மரத்தையும் தின்று மண்ணாக்குபவை அவைதாம். ஆனால் பாலிதீன் சங்கிலியை அறுக்கும் கத்தரிக்கோல் அவற்றிடம் இல்லை. அதனால் பை அப்படியே கிடக்கிறது.

மாவுப்பொருளும் ஒரு சங்கிலிதான். ஆனால் அது சர்க்கரை மணிகளால் கோத்த சங்கிலி. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பிடி வெறும் சோற்றை வாயில் போட்டு, விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் மாவுச் சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்குவதால் வரும் இனிப்பு அது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் இதே வித்தை தெரியும். ஆகவே மாவினால் செய்த பொருளை அவை உணவாகவே எண்ணித் தின்றுவிடும். மட்கும் பிளாஸ்டிக்கின் முழு இரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது.

சரி, பொடியாக இருக்கும் மாவு எப்படித் தாளாகவும் பையாகவும் ஆகிறது? இதன் முதற்பாதி நம் தாய்மார்களுக்குத் தெரிந்ததே. வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் கஞ்சி போடுகிறீர்கள். தண்ணீரில் கரைத்த மாவைச் சூடாக்கும்போது, ஏறத்தாழ 60 முதல் 70 பாகைச் சூட்டில், மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி உடைகின்றன. உள்ளே சுருண்டிருந்த சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வெள்ளையாக இருந்த கரைசல் கண்ணாடி போலத் தெளிந்து பசையாகிறது. அது காய்ந்தால் துணி விறைத்து நிற்கிறது. அந்த விறைப்பைத் தருவது மெல்லிய மாவுத் தாள்தான்!

ஆனால் கஞ்சித் தாளை மடக்கினால் நொறுங்கும். அதை வளையச் செய்வதற்குக் கிளிசரினைச் சேர்க்கிறார்கள். சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்படி செய்வது இதன் வேலை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிளிசரின் எங்கிருந்து வருகிறது? செம்பனை எண்ணெயிலிருந்து சோப்பும் கொழுப்பமிலங்களும் தயாரிக்கும்போது உடன்விளைவாக வருவது கிளிசரின். நீங்கள் வெட்டி இறக்கும் குலைக்குள் அதுவும் ஒளிந்திருக்கிறது.

மாவையும் கிளிசரினையும் சூட்டோடு பிசைந்து, அச்சில் அழுத்தித் தகடாக்கலாம். இயந்திரத்தில் இழுத்துத் தாளாக்கலாம். இத்தனை எளிதென்றால் கடைக்குக் கடை ஏன் மரவள்ளிப் பை வரவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் தண்ணீர். மாவு தண்ணீரை விரும்பும் பொருள். ஈர மீனைப் போட்டால் பை ஊறிக் குழையும். மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், வெயிலில் காய்ந்து நொறுங்கும். எளிதில் மட்க வைக்கும் அதே குணம், பயன்படுத்தும்போது பலவீனமாகிவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் உலகெங்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவற்றுள் ஒன்று நம் மலாக்கா மண்ணிலேயே நடந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், மலாக்காவுக்கும் மரவள்ளிக்கும் உள்ள பழைய உறவைச் சொல்லியாக வேண்டும்.

நம்மவர்கள் பால் வெட்ட வருவதற்கு முன்பு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மலாக்காவின் உட்பகுதிகளில் பரந்து கிடந்தவை மரவள்ளித் தோட்டங்கள்தாம். சீன முதலாளிகள் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள். கிழங்கை அரைத்து மாவாகவும் ஜவ்வரிசியாகவும் ஏற்றுமதி செய்தார்கள். மண்ணுக்கு எருவிடாமல் சில போகம் எடுத்தார்கள். சாரம் வற்றியதும் அந்த நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. அந்த மரவள்ளிப் பயிர்க்காரர்களில் ஒருவர்தான் டான் சே யான். தாவரவியல் அறிஞர் ஹென்றி ரிட்லியின் யோசனையைக் கேட்டு, 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவில் வணிகமுறை ரப்பர் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். அந்த மரங்களை நம்பி வந்த கூட்டம்தான் நம் முன்னோர்கள்.

இப்பொழுது டுரியான் துங்காலுக்கு வாருங்கள். அங்கே யூதெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆய்வாளர் ரித்வான் ஜுமைடினும் அவருடைய குழுவினரும் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரவள்ளி மாவோடு கிளிசரினைக் கலந்து, அதில் நாரைச் சேர்த்து, சூட்டோடு அழுத்தித் தகடாக்கினார்கள். எந்த நார் தெரியுமா? லாலாங் புல்லின் நார்! ஒரு காலத்தில் மரவள்ளி கெடுத்த நிலத்தைப் பிடித்துக்கொண்ட அதே புல், இப்பொழுது மரவள்ளிக்கே முதுகெலும்பாகிறது. மண்சுவருக்கு வைக்கோல் கலப்பது போல, நார் சேர்ந்ததும் தகட்டின் வலு கூடியது. மண்ணில் புதைத்துப் பார்த்தபோதும் மட்கியது. ஆனால் நார் சேர்ந்தது மட்குவதற்குச் சற்றுக் கூடுதலாக நாள் எடுத்தது. வலுவைக் கூட்டினால் மட்குவது மெதுவாகிறது என்ற பாடம் இதில் இருக்கிறது. அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 2022-இல் செம்பனை மெழுகைச் சேர்த்துப் பார்த்தார்கள். மெழுகு சேரச் சேர, தகடு ஈரத்தை இழுப்பது குறைந்தது. மரவள்ளி, லாலாங், செம்பனை மூன்றும் நம் காலடியில் வளர்பவை என்பதைக் கவனியுங்கள்.

இவை ஆய்வுக்கூடத் தகடுகள். சந்தைக்கு வந்த பொருள்களும் உண்டு. இத்தாலியின் நோவாமாண்ட் நிறுவனம் 1990 வாக்கிலிருந்தே, மாவுப்பொருளோடு மட்கக்கூடிய வேறு பிளாஸ்டிக்கையும் கலந்து பைகளுக்கான மூலப்பொருளைத் தயாரித்து வருகிறது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் கெவின் குமாலா என்பவர் 2014-இல் தொடங்கிய அவானி நிறுவனம் மரவள்ளிப் பைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறொரு வழியும் இருக்கிறது. மாவைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்கவைத்து, நம் தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலமாக மாற்றி, அந்த அமிலத்தைச் சங்கிலியாகக் கோப்பது. பி.எல்.ஏ. என்று பெயர் பெற்ற இந்தப் பிளாஸ்டிக்கைச் சோள மாவிலிருந்து பேரளவில் செய்யும் ஆலை 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் திறக்கப்பட்டது.

நேயர்களே, இனிமேல் சொல்லப்போவதைச் சற்று கூர்ந்து கேளுங்கள். 'மட்கும்' என்று எழுதியவையெல்லாம் மட்கும் என்று நம்பிவிடாதீர்கள். 1970-களில் இலண்டன் புருனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் கிரிஃபின் என்பவர் பாலிதீனிலேயே மாவைத் தூவிக் கலக்கும் முறையைக் கண்டார். அத்தகைய பையை மண்ணில் போட்டால் மாவை நுண்ணுயிர் தின்னும். பாலிதீன் மட்டும் ஓட்டை விழுந்து துண்டுதுண்டாக நிற்கும். பை மறைந்தது போலத் தெரியும்; பிளாஸ்டிக் மறையாது. பின்னாளில், வெயில் பட்டால் உதிரும்படி ஒரு மருந்தைப் பாலிதீனில் கலந்து, அதையும் மட்கும் பை என்று விற்றார்கள். அது பொடிப்பொடியாகி மண்ணிலும் நீரிலும் கலக்கிறது என்பதனால், ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைத் தடை செய்தது. உதிர்வது வேறு, மட்குவது வேறு. இந்த வேறுபாடு தெரிந்தவரை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது.

உண்மையாகவே மட்கும் பையானாலும் அதற்கும் இடம், சூடு, ஈரம் வேண்டும். ஐரோப்பிய அளவுகோலின்படி ஒரு பைக்கு 'உரமாகும்' என்ற சான்று கிடைக்க வேண்டுமானால், ஏறத்தாழ 58 பாகைச் சூடுள்ள உரக்கூடத்தில் 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும். தொழிற்கூடத்தில் உருவாகும் அந்தச் சூடு நம் சாக்கடையிலும் இல்லை, லயத்துப் பின்னால் உள்ள பள்ளத்திலும் இல்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். 'உரமாகும்' என்ற சான்று பெற்ற பை கடல்நீரில் 3 மாதங்களில் மறைந்துபோனது. மண்ணில் புதைத்ததோ 27 மாதங்களுக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரிந்தது. சாமான் தாங்கும் வலுதான் இல்லை. வேறு வகையில் 'மட்கும்' என்று விற்ற பைகள் 3 ஆண்டுகள் கழித்தும் சாமான் சுமக்கும் நிலையில் இருந்தன!

ஆகவே, 'இது மட்கும் பைதானே' என்று சாலையோரம் வீசிவிடக் கூடாது. மாடு அதையும் தின்னும். கொசு அதிலும் முட்டையிடும்.

நம் நாட்டில் இதற்கான ஏற்பாடுகள் தொடங்கியிருக்கின்றன. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் 2017-இலிருந்து கடைப் பைகளும் உணவுப் பொட்டலங்களும் மட்கும் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டுமென்று விதித்தார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கை 2030-க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டம் 2018-இல் வெளியிடப்பட்டது. மட்கும் பொருளைச் சோதித்து முத்திரை தரும் பொறுப்பு சிரிம் நிறுவனத்துக்கு உண்டு. பை வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உரக்குழியில் மட்குமா, தொழிற்கூடத்தில்தான் மட்குமா என்று கேளுங்கள். பயன்படுத்திய பிறகு அதைக் கிழித்து, காய்கறித் தோலோடும் சோற்று மிச்சத்தோடும் உரக்குழியில் போட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிடுங்கள். மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு இதைக் கலக்காதீர்கள். கலந்தால் இரண்டும் கெடும்.

அடுத்து, இளைஞர்கள் கேட்கக்கூடிய கேள்வி: கொல்லையில் மரவள்ளி போட்டால் இதனால் காசு வருமா? பச்சைக் கிழங்கில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாவு கிடைக்கும். நான்கு கிலோ கிழங்கு ஒரு கிலோ மாவு. தனி ஆளாக விற்றால் ஆலைக்காரர் சொன்னதே விலை. சேலத்தின் அனுபவம் இங்கே பயன்படும். உலகப் போரினால் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி போவது நின்றபோது, 1943-இல் சேலத்து மாணிக்கம் செட்டியார், மலாயாவிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் தொழிலறிவைத் துணையாகக் கொண்டு அங்கே மரவள்ளி ஜவ்வரிசித் தொழிலைத் தொடங்கினார். நாளடைவில் ஆலைகள் பெருகின. இடைத்தரகர்களிடம் சிக்காமல் நல்ல விலைக்கு விற்க, உற்பத்தியாளர்கள் 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். கூட்டுறவு நமக்கும் புதிதல்ல. துன் சம்பந்தன் 1960-இல் தொடக்கிவைத்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கியது. எதிர்காலத்தில் மாவுத் தொழில் இங்கே தலைதூக்குமானால், கூடிச் செய்கிறவர்களுக்கே அதில் பயன் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி இல்லாத தோட்டங்களில் உயிரைக் காத்தது மரவள்ளிக் கிழங்கு. உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சோறாகிற கிழங்கைப் பையாக்குவதற்காக உணவு நிலத்தைப் பறிக்கக் கூடாது. எருவிடாமல் மரவள்ளியையே திரும்பத் திரும்ப நட்டால் மண்ணுக்கு என்ன நேரும் என்பதற்கு மலாக்காவே சாட்சி. ஆகவே நிலத்துக்கு எருவிட்டு, பயிரை மாற்றி நட வேண்டும். மாவுப் பிளாஸ்டிக்கையும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டியதில்லை. மண்ணுக்கே போய்ச் சேர வேண்டிய பொருள்களுக்கு அது மிகப் பொருத்தம். காய்கறிப் பாத்திகளை மூடும் தாள், சமையற்கழிவைக் கட்டும் பை, நாற்றுப் பை போன்றவற்றைச் சொல்லலாம். செம்பனை நாற்றுக் கறுப்புப் பையைக் கிழித்து எடுத்துக் குவிக்கும் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்று ஓராண்டுக் காலம் பையில் நிற்க வேண்டும். அதுவரை தாங்கி, நட்ட பிறகு மட்கும் பை வேண்டும். அப்படி ஒன்றைச் செய்வது எளிதல்ல. இன்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சோதனை. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி கிளிசரின், ஒரு தேக்கரண்டி வினிகர். எல்லாவற்றையும் கரைத்து, சிறு தீயில் வைத்து, விடாமல் கிண்டுங்கள். கலவை தெளிந்து கெட்டியானதும் இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் காயவிடுங்கள். உரித்தால் வளையக்கூடிய ஒரு தாள் வரும். அதில் ஒரு துண்டையும், சாதாரணப் பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டையும் ஈர மண்ணில் அருகருகே புதைத்துக் குச்சி நட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை தோண்டிப் பார்த்து, கண்டதைத் தேதியோடு எழுதி வாருங்கள். கிளிசரின் இல்லாமல் இன்னொரு தாள் செய்தும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மரவள்ளிப் பை மலிவாகக் கிடைக்கும் நாள் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது துணிப்பையும், குழம்பு வாங்கப் போகும்போது தூக்குச் சட்டியும் கையோடு போகட்டும். நாசி லெமாக்கை வாழையிலையில் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாழையிலைக்குச் சான்றும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். நம் பழக்கத்தில் குறைக்கக்கூடியதைக் குறைத்துவிட்டு, மீதியிருப்பதற்கு மட்டும் மாவுப் பையைத் தேடுவதே அறிவுடைமை.

மண் தந்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க விஞ்ஞானம் ஒரு வழி காட்டியிருக்கிறது. பையைச் செய்வது ஆலையின் வேலை. அதை உரக்குழிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.